பைப் தண்ணீர்: நிபோங் திபால் வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், நிபோங் திபால், சுங்கை பாக்காப், ஜாவி பக்கம் இருபது வருடத்துக்கு மேலாக பைப் வேலை செய்கிறேன். சிங்க் அடைப்பு எடுக்கக் கூப்பிட்டாலும் சரி, புது டாங்கி ஏற்றக் கூப்பிட்டாலும் சரி, வேலை முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது வீட்டுக்காரர்கள் கேட்பது தண்ணீரைப் பற்றித்தான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன்.

அண்ணே, பைப் தண்ணியை அப்படியே குடிக்கலாமா?

மீட்டர் வரை வரும் தண்ணீர் குடிக்கத் தகுந்ததுதான். சுகாதார அமைச்சின் தேசியக் குடிநீர்த் தரம் என்று ஒன்று இருக்கிறது. கலங்கல் 5 அலகுக்குள் இருக்க வேண்டும், இரும்பு லிட்டருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, ஈயம் 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, மலக்கிருமியான ஈ-கோலி 100 மில்லி தண்ணீரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. அமைச்சு 1983லிருந்து இதற்கென்றே ஒரு கண்காணிப்புத் திட்டம் நடத்துகிறது.

மீட்டரைத் தாண்டி உங்கள் டம்ளர் வரைக்கும் உள்ள குழாயும் டாங்கியும் உங்கள் பொறுப்பு. நான் பார்த்த கோளாறுகளில் முக்கால்வாசி அந்தச் சின்னத் தூரத்தில்தான் இருந்தன. அதனால் "குடிக்கலாமா" என்று கேட்டால், முதலில் உங்கள் டாங்கியைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்பேன். என் வீட்டில் கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறோம். அம்மா காலத்துப் பழக்கம், செலவும் அதிகமில்லை, விட வேண்டிய அவசியமும் இல்லை.

முடா ஆறு செம்மண் கலர்ல ஓடுது. அதையா நாம குடிக்கிறோம்?

ஆமாம், அதைத்தான். பினாங்கு மாநிலத்துக்குத் தேவையான ஆற்று நீரில் 80 விழுக்காட்டுக்கு மேல் முடா ஆற்றிலிருந்துதான் எடுக்கிறார்கள். கெடாவின் உலு முடா காட்டிலிருந்து இறங்கி, நம் மாநில எல்லையை ஒட்டி ஓடிக் கடலில் சேரும் ஆறு அது. அந்தத் தண்ணீர் சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. மெங்குவாங் அணை அவசரத்துக்கு உதவும் கையிருப்பு. தீவுப் பக்கம் ஆயிர் ஈத்தாம், தெலுக் பாஹாங் அணைகள் இருக்கின்றன.

கலங்கிய தண்ணீரில் படிகாரம் போன்ற உப்பைக் கலப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத சேறு ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி அடியில் படியும். மேலே தெளிந்ததை மணல் வடிகட்டியில் விட்டு, குளோரின் போட்டு, புளிப்புத்தன்மையைச் சுண்ணாம்பு கொண்டு சரிசெய்து அனுப்புவார்கள். அந்தக் காலத்தில் நம் பாட்டிகள் தேற்றாங்கொட்டையைப் பானையில் தேய்த்துச் சேற்றைப் படியவைத்தார்களே, அதே வேலைதான், அளவு மட்டும் பெரிது. மழைக்காலத்தில் ஆறு எவ்வளவு கலங்கினாலும் நிலையத்தை விட்டுத் தண்ணீர் தெளிந்துதான் கிளம்பும். கவலைப்பட வேண்டியது ஆற்றின் நிறத்துக்கு அல்ல. மேலே காடு அழிந்தால் ஆற்றில் தண்ணீரே குறையும், அதற்குத்தான் நான் பயப்படுகிறேன்.

குளோரின் வாசனை தூக்குது. உடம்புக்குக் கெடுதல் இல்லையா?

குளோரின் லிட்டருக்கு 0.2 முதல் 5 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது தரத்தில் உள்ள அளவு. வாசனை வருகிறது என்றால் கிருமியைக் கொல்லும் இந்தக் காவல்காரன் இன்னும் விழித்திருக்கிறான் என்று அர்த்தம். ஒரு ஜாடியில் பிடித்து மெல்லிய துணியால் மூடி ஓர் இரவு வைத்தால் பெரும்பகுதி போய்விடும். கொதிக்க வைத்தாலும் போய்விடும். எப்போதும் லேசாக வாசனை வரும் தண்ணீரில் திடீரென்று வாசனையே இல்லாமல் போய், சாக்கடை நாற்றமோ மண் நாற்றமோ அடித்தால்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

டம்ளர்ல பிடிச்சா பால் மாதிரி வெள்ளையா இருக்கே?

டம்ளரை மேசை மேல் வைத்துவிட்டு ஒரு நிமிடம் பாருங்கள். அடியிலிருந்து மேலாகத் தெளிந்துகொண்டே வந்தால் அது வெறும் காற்றுக் குமிழி. குழாயில் அழுத்தம் மாறும்போது வரும், தாராளமாகக் குடிக்கலாம். மேலிருந்து கீழாகத் தெளிந்து அடியில் தூள் தங்கினால் அது வேறு விஷயம். கீழே கிண்ணச் சோதனையைச் சொல்லியிருக்கிறேன், அதைச் செய்யுங்கள்.

எங்க சமையல்கட்டு குழாய் டாங்கித் தண்ணியா, நேரா வர்ற தண்ணியா? எப்படித் தெரிஞ்சுக்கிறது?

நல்ல கேள்வி. எல்லாரும் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் வழக்கமாகச் சமையல்கட்டு சிங்க் குழாய்க்கு மட்டும் மீட்டரிலிருந்து நேர்க் குழாய் போடுவார்கள். குளியலறை, கழிப்பறை எல்லாம் கூரைக்கு அடியில் உள்ள டாங்கியிலிருந்து வரும். ஆனால் வீட்டைப் பின்பக்கம் நீட்டிக் கட்டியவர்கள் பலர், புதுச் சமையல்கட்டுக்குப் பக்கத்திலிருந்த குளியலறைக் குழாயிலிருந்து இழுத்துவிடுகிறார்கள். வீட்டுக்காரருக்கே அது தெரிந்திருக்காது.

மீட்டர் பக்கத்து வால்வை மூடுங்கள். சிங்க் குழாயைத் திறங்கள். சில நொடியில் தண்ணீர் இளைத்து நின்றுவிட்டால் நேர்க் குழாய். ஒரு நிமிடம் ஆகியும் அதே வேகத்தில் கொட்டினால் நீங்கள் குடிப்பது டாங்கித் தண்ணீர். அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு இந்தச் சோதனை தேவையில்லை. மொட்டைமாடிப் பொது டாங்கியிலிருந்துதான் பெரும்பாலும் எல்லாக் குழாய்க்கும் வரும், அதைக் கழுவுவது நிர்வாகத்தின் வேலை. கடைசியாக எப்போது கழுவினார்கள் என்று கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்.

டாங்கியைக் கழுவணுமா? மூடிதானே இருக்கு?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். ஜாவி பக்கம் ஒரு வீட்டில், தண்ணீர் நாறுகிறது என்று ஆயிரக்கணக்கில் செலவழித்து வடிகட்டி மாட்டியிருந்தார்கள். நாற்றம் நிற்கவில்லை. நான் சீலிங் துவாரம் வழியாக ஏறி டார்ச் அடித்துப் பார்த்தேன். டாங்கி மூடி ஒரு விரல் அளவு விலகியிருந்தது. உள்ளே அடியில் நாலு விரல் உயரம் சாக்லெட் நிறச் சேறு, அதன்மேல் ஊறிப்போன இரண்டு பல்லி, ஏதோ பறவை கூட்டுக்குக் கொண்டுவந்த வைக்கோல். அந்த வீட்டில் ஒரு கைக்குழந்தையும் இருந்தது. கீழே இறங்கி வந்து அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை.

வருடத்துக்கு ஒரு முறையாவது கழுவ வேண்டும். தீபாவளிக்கு வீடு கழுவும் வாரத்தில் இதையும் சேர்த்துக்கொண்டால் மறக்காது. டாங்கிக்குள் வரும் வால்வை மூடி, இருக்கிற தண்ணீரைத் துணி துவைத்துத் தீர்த்துவிடுங்கள். வெளியேறும் குழாய் அடியிலிருந்து கொஞ்சம் மேலேதான் இருக்கும், அதனால் சேறு தானாகப் போகாது. அதைக் குவளையால் அள்ளி, பக்கங்களைச் சுத்தமான துணியால் தேய்க்க வேண்டும். சோப்புத்தூள் வேண்டாம்.

பிறகு தண்ணீர் நிரப்பி, வாசனை சேர்க்காத சாதாரண ப்ளீச் ஊற்றுங்கள். 5 விழுக்காட்டு ப்ளீச் என்றால் லிட்டருக்கு 1 மில்லி கணக்கு. 100 கேலன் டாங்கியில் ஏறக்குறைய 450 லிட்டர் பிடிக்கும், ஆக 450 மில்லி. வீட்டில் டாங்கியோடு சேர்ந்த ஒவ்வொரு குழாயையும் ப்ளீச் வாசனை வரும்வரை திறந்து மூடிவிட்டு, ஒரு மணி நேரம் விடுங்கள். யாரும் அந்தத் தண்ணீரைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் வெளியேற்றி, புதுத் தண்ணீர் விட்டு அலசினால் முடிந்தது. கழிப்பறை கழுவும் அமிலத்தோடு ப்ளீச்சைக் கலந்துவிடாதீர்கள், விஷவாயு கிளம்பும். மேலே ஏறுபவர் மரச்சட்டத்தில்தான் கால் வைக்க வேண்டும், சீலிங் பலகை ஆள் பாரம் தாங்காது.

மூடியை இறுக்கிக் கட்டி, வழிந்தோடும் குழாயின் வாயில் கொசுவலைத் துண்டு ஒன்றைக் கட்டிவிடுங்கள். ஏடிஸ் கொசுவுக்குத் திறந்த டாங்கி பிடித்தமான இடம். சுகாதார அதிகாரி வந்து புழு கண்டுபிடித்தால் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதமும் உண்டு.

தண்ணி வெட்டு முடிஞ்சு வந்ததும் தேத்தண்ணி கலர்ல வருது. என்ன பண்ணலாம்?

2024 ஜனவரி 10 முதல் 14 வரை, சுங்கை டுவா நிலையத்தில் பெரிய வால்வுகளை மாற்ற மாநிலம் முழுக்கத் தண்ணீரை நிறுத்தினார்களே, அப்போது எனக்கு ஓயாமல் போன் வந்தது இதற்காகத்தான். காலியான குழாயில் தண்ணீர் திரும்ப வேகமாகப் பாயும்போது, வருடக்கணக்காகக் குழாய்ச் சுவரில் ஒட்டியிருந்த துரு, மாங்கனீஸ் படிவு எல்லாம் உரிந்து வரும்.

முன்னறிவிப்பு வந்தால், தண்ணீர் நிற்பதற்கு முன்பே டாங்கியை நிரப்பி, உள்ளே வரும் வால்வை மூடிவிடுங்கள். தண்ணீர் திரும்பியதும் முதலில் மீட்டருக்குப் பக்கத்துத் தோட்டக் குழாயை மட்டும் திறந்து, வாளியில் பிடித்துப் பாருங்கள். தெளியும்வரை வருவதைச் செடிக்கும் கழிப்பறைக்கும் வையுங்கள். தெளிந்த பிறகு டாங்கி வால்வைத் திறங்கள். துணி துவைக்கும் மெஷினை அன்றைக்கு ஓட்டாதீர்கள், பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையில் பிடித்த துருக்கறை போகவே போகாது. அவசரத்தில் வால்வை மூட மறந்தால் ஊர்க் குழாயின் சேறு முழுவதும் உங்கள் டாங்கிக்குள் குடியேறிவிடும். அப்புறம் மேலே சொன்ன கழுவல் வேலைதான்.

வெட்டே இல்லாத நாள்லயும் காலையில மட்டும் பழுப்பா வருதே?

இதற்குத்தான் கிண்ணச் சோதனை. மூன்று வெள்ளைப் பீங்கான் கிண்ணம் எடுங்கள். காலையில் யாரும் குழாயைத் திறக்கும் முன், தோட்டக் குழாய், சிங்க் குழாய், குளியலறைக் குழாய் மூன்றிலும் ஒவ்வொரு கிண்ணம் பிடித்து, ஜன்னலோரம் வரிசையாக வைத்துப் பாருங்கள். மூன்றும் பழுப்பு என்றால், தோட்டக் குழாயை நன்றாக ஓடவிட்டு இன்னொரு முறை பிடியுங்கள். அப்போதும் தெளியாவிட்டால் கோளாறு தெருவில் இருக்கிறது, நீர் கழகத்துக்குச் சொல்லுங்கள். தோட்டத்துக் கிண்ணம் தெளிவு, சிங்க் கிண்ணம் பழுப்பு என்றால் வீட்டுக்குள் உள்ள குழாய். குளியலறை மட்டும் என்றால் டாங்கி.

பழைய கடைவீடுகளிலும் எழுபது எண்பதுகளில் கட்டிய தாமான்களிலும் துத்தநாகப் பூச்சுப் பூசிய இரும்புக் குழாய்கள் இன்னும் இருக்கின்றன. பூச்சு தேய்ந்து உள்ளே துரு பிடித்து, முக்கால் அங்குலக் குழாயில் பென்சில் நுழையும் ஓட்டைதான் மிஞ்சியிருக்கும். அறுத்து எடுத்துக் காட்டினால் வீட்டுக்காரர்கள் அதிர்ந்து போவார்கள். அதை மாற்றுவதுதான் தீர்வு. மாற்றும்வரை காலையில் அரை நிமிடம் ஓடவிட்டுப் பிறகு குடிக்கப் பிடியுங்கள். இரவெல்லாம் உலோகத்தில் ஊறிய தண்ணீர் அது.

கறுப்புத் துணுக்கு வந்தால் விரலில் நசுக்கிப் பாருங்கள். ரப்பர் மாதிரி இழுபட்டால் குழாயின் வாஷர் மக்கிவிட்டது, புதுசுக்கு ஒன்றிரண்டு வெள்ளிதான்.

கொதிக்க வச்சுட்டா எல்லாம் போயிடும்ல?

கிருமி போய்விடும். கொப்பளித்துப் பொங்கும் கொதி ஒரு நிமிடம் இருந்தால் போதும், கால் மணி நேரம் எரிவாயுவை வீணாக்க வேண்டாம். ஆனால் துரு, ஈயம், நைட்ரேட் எதுவும் போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறைவதால் அவை கொஞ்சம் அடர்த்தியாகும்.

பிள்ளைக்குப் பால் கலக்க எந்தத் தண்ணி நல்லது?

நேர்க் குழாயில் சிறிது ஓடவிட்டுப் பிடித்த தண்ணீரைக் கொதிக்க வைத்து, 70 டிகிரிக்குக் கீழே இறங்கும் முன் பால்மாவைக் கலக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. பால்மாவிலேயே கிருமி இருக்கலாம் என்பதுதான் அதற்குக் காரணம். கொதித்த தண்ணீரை அரை மணி நேரத்துக்கு மேல் ஆறவிடாதீர்கள். கலந்த பிறகு புட்டியைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்து ஆற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். குளியலறை ஹீட்டர் சுடுதண்ணீரை இதற்கு எடுக்கவே கூடாது.

வீட்டுக்கு வந்த சேல்ஸ்மேன் ரெண்டு கம்பியைத் தண்ணியில விட்டான். நம்ம தண்ணி மட்டும் சேறாயிடுச்சு. அவன் ஃபில்டர் தண்ணி அப்படியே இருந்துச்சு. பயமா இருக்கு.

பயப்படாதீர்கள் அக்கா, அது கண்கட்டு வித்தை. அந்தக் கம்பியில் ஒன்று இரும்பு. மின்சாரம் பாயும்போது கம்பியே கரைந்து துருவாக மிதக்கிறது. நம் குழாய்த் தண்ணீரில் இயற்கையான உப்புகள் கொஞ்சம் இருப்பதால் மின்சாரம் பாயும். அவர் கொண்டுவந்தது ஆர்.ஓ. தண்ணீர், அதாவது மிக நுண்ணிய சவ்வு வழியாக அழுத்தி வடிகட்டியது. அதில் உப்பு அனேகமாக இல்லை, அதனால் சரியாகப் பாயாது. அடுத்த முறை அவர் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுச் செய்யச் சொல்லுங்கள், அதுவும் சேறாகும்.

பேனா மாதிரி ஒரு கருவியில் எண் காட்டுவதும் இதே கதை. அது கரைந்துள்ள உப்பை மட்டும் அளக்கும், கிருமியையோ ஈயத்தையோ தனியாகக் காட்டாது. தனியாக இருக்கும் வயதானவர்களிடம் இதைக் காட்டிப் பயமுறுத்தித் தவணையில் கையெழுத்து வாங்குகிறார்கள். அதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. இதைப் படிப்பவர்கள் வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லி வையுங்கள்.

அப்போ ஃபில்டரே வேண்டாமா?

கிண்ணச் சோதனையில் என்ன தெரிந்ததோ அதற்கேற்ப வாங்குங்கள். தெருவிலிருந்தே தூள் வருகிறது என்றால் வாசலில் வைக்கும் மணல் வடிகட்டி உதவும், ஆனால் அதைத் தவறாமல் எதிர்த்திசையில் அலசிவிட வேண்டும். குளோரின் வாசனை பிடிக்காது என்றால் சிங்கில் கரி வடிகட்டி போதும். பெட்டியில் என்எஸ்எஃப் (வடிகட்டிகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பு) 42 என்று இருந்தால் வாசனைக்கும் சுவைக்கும், 53 என்று இருந்தால் ஈயம் போன்ற உடல்நலச் சங்கதிகளுக்கும் சோதித்தது. 53லும் எதெதற்குச் சோதித்தார்கள் என்பதைப் பெட்டியில் படித்துப் பாருங்கள்.

கரி வடிகட்டி குளோரினை எடுத்துவிடுவதால் அதற்குப் பிறகு தண்ணீருக்குக் காவல் இல்லை. உள்ளே உள்ள உருளையைச் சொன்ன மாதத்தில் மாற்றாவிட்டால் கிருமி அதிலேயே பெருகும். இரண்டு வருடம் மாற்றாத வடிகட்டியைவிட வடிகட்டி இல்லாத குழாய் மேல்.

கடையில வாங்குற போத்தல்ல வெள்ளை மூடி, கலர் மூடி இருக்கே, என்ன வித்தியாசம்?

கலர் மூடி நிலத்தடியிலிருந்து எடுத்த இயற்கைக் கனிம நீர். வெள்ளை மூடி சுத்திகரித்த குடிநீர், அதன் மூலம் குழாய்த் தண்ணீராகவும் இருக்கலாம். நம் நாட்டு உணவு விதிமுறையில் உள்ள பிரிவு இது. இரண்டும் குடிக்கலாம். காருக்குள் வெயிலில் கிடந்த போத்தலை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

தோட்டத்துல பழைய கிணத்துத் தண்ணி இன்னும் எடுக்கிறோம். தேத்தண்ணி கலந்தா மையாட்டம் கறுக்குது.

அது இரும்பு. தேயிலையின் துவர்ப்போடு இரும்பு சேர்ந்தால் கறுக்கும், சோறு மஞ்சளாகும். இரும்பு பெரிய ஆபத்தில்லை, ஆனால் கிணற்றில் கண்ணுக்குத் தெரியாததுதான் ஆபத்து. பக்கத்தில் கழிவுக்குழி, மாட்டுத்தொழுவம், செம்பனைக்குப் போடும் உரம் எதுவும் நிலத்துக்குள் இறங்கலாம். நைட்ரேட் அதிகமுள்ள தண்ணீரில் பால் கலந்து கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாரிக்கும், அதைக் கொதிக்க வைத்தும் போக்க முடியாது என்று மேலே சொன்னேன். குளிக்க, துவைக்க கிணறு சரி. குடிக்கவும் குழந்தைக்கும் குழாய்த் தண்ணீரைச் சுமந்தாவது வந்து வைத்துக்கொள்ளுங்கள். சுமக்கிற கஷ்டம் எனக்குத் தெரியும், லயத்து வீட்டில் வளர்ந்தவன்தான் நானும்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில பந்தல் போடுறோம். தண்ணி விஷயத்துல என்ன கவனிக்கணும்?

குழாயைவிட டியூப்பைக் கவனியுங்கள். தோட்டத்துக்குப் பாய்ச்சும் பச்சை டியூப்பில் பிடித்துப் பீப்பாயை நிரப்பாதீர்கள், வெயிலில் சூடாகி ரப்பர் நாற்றமும் பாசியும் சேரும். உணவுக்கென்று விற்கும் டியூப் தனியாகக் கிடைக்கிறது. பீப்பாயை முதல் நாளே ப்ளீச் தண்ணீரில் அலசிக் கவிழ்த்து வையுங்கள். மோருக்கும் சர்பத்துக்கும் மீன் கடைக் கட்டி ஐஸை உடைத்துப் போடாமல், பையில் வரும் ஓட்டை போட்ட குழல் ஐஸையே வாங்குங்கள். கையை விட்டு அள்ளாமல் கைப்பிடி உள்ள அகப்பை வையுங்கள். காவடி எடுத்து வெறுங்காலோடு ஏறி வருபவர் நம்மை நம்பித்தான் ஒரு மடக்குக் குடிக்கிறார்.

தண்ணி வேகம் கம்மி. மீட்டர் பக்கத்துலயே பம்ப் வைக்கலாமா?

கூடாது. சட்டப்படியும் தப்பு, அண்டை வீட்டாருக்கும் துரோகம். தெருக் குழாயிலிருந்து நேராக உறிஞ்சினால் குழாய்க்குள் அழுத்தம் குறையும். விரிசல் இருக்கும் இடத்தில் வெளியே கசிவதற்குப் பதிலாக, மண்ணில் தேங்கிய சாக்கடை உள்ளே இழுபடும். உங்கள் பம்ப்பால் நாலு வீடு தள்ளி ஒரு குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வரலாம். பம்ப் வேண்டுமென்றால் முதலில் டாங்கியை நிரப்பி, டாங்கிக்குப் பிறகு வையுங்கள். அதற்கு முன் பழைய இரும்புக் குழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள், பாதி வீடுகளில் அதுதான் காரணம்.

பூமிக்கடியில ஆஸ்பெஸ்டாஸ் குழாய் போட்டிருக்காங்களாமே, புற்றுநோய் வருமா?

நம் நாட்டில் பழைய ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் குழாய்கள் இன்னும் நிறைய இருக்கின்றன. ஆஸ்பெஸ்டாஸ் தூசியை மூச்சில் இழுப்பது புற்றுநோய் தரும், அதில் சந்தேகமில்லை. குடிக்கும் தண்ணீர் வழியாகக் கெடுதல் வருவதாக உறுதியான ஆதாரம் இல்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலை. அந்தக் குழாய்கள் வயதாகி உடைவதுதான் அன்றாடத் தொல்லை. மாற்றத்தான் வேண்டும். நீங்கள் செய்யக்கூடாதது ஒன்று: கூரைத் தகடோ பழைய குழாயோ, ஆஸ்பெஸ்டாஸ் என்று தெரிந்தால் வீட்டில் அறுக்காதீர்கள்.

ஃபுளோரைடு கலக்கிறது நல்லதா கெட்டதா?

தரத்தின்படி லிட்டருக்கு 0.4 முதல் 0.6 மில்லிகிராம். பிள்ளைகளின் பல் சொத்தையைக் குறைக்கச் சேர்ப்பது. ஒரு கிராம் சாதாரணப் பற்பசையில் ஏறக்குறைய ஒரு மில்லிகிராம் இருக்கிறது, ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். கொதிக்க வைத்தாலும் கரி வடிகட்டியிலும் போகாது, ஆர்.ஓ.வில் பெரும்பகுதி போகும்.

புகார் சொன்னா ஆள் வருவாங்களா? என்ன சொல்லணும்?

"தண்ணி சரியில்லை" என்று மட்டும் சொன்னால் போன் எடுப்பவருக்கு ஒன்றும் புரியாது. கிண்ணச் சோதனையைச் செய்துவிட்டு, தோட்டக் குழாயிலேயே கோளாறு இருந்தால் பினாங்கு நீர் விநியோகக் கழகத்தைக் கூப்பிடுங்கள். எத்தனை மணிக்குப் பிடித்த தண்ணீர், என்ன நிறம், எவ்வளவு நேரம் ஓடவிட்டும் தெளியவில்லை, பக்கத்து வீட்டிலும் அப்படியா என்று சொல்லி, பில்லில் உள்ள கணக்கு எண்ணைக் கொடுங்கள். மூன்று கிண்ணத்தையும் ஒன்றாக வைத்து ஒரு படம் எடுத்து வையுங்கள். புகார் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பதிலே வராவிட்டால் தீபகற்ப மலேசியாவிலும் லாபுவானிலும் தண்ணீர் சேவையை மேற்பார்க்கும் ஸ்பான் ஆணையத்துக்கு அதே எண்ணோடு எழுதலாம். வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேருக்கு வயிற்றுப்போக்கு என்றால் மட்டும் இதற்கெல்லாம் காத்திருக்காமல், முதலில் கிளினிக்குக்குப் போய், தண்ணீர் மேல் சந்தேகம் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள்.